அன்று வந்த கடிதமும் இன்று வராத நோட்டீஸும்

சமூக வலைத்தளங்களில் கொஞ்ச காலமாவது புழங்கியவர்கள் அந்த ஒற்றை வரியைப் பார்த்திருப்பீர்கள். யாரோ ஒருவரின் பக்கத்துக்குப் போவோம், பதிவு இருக்க வேண்டிய இடத்தில் பதிவு இருக்காது. சட்டபூர்வமான கோரிக்கையின் பேரில் இந்தியாவில் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது என்று மட்டும் இருக்கும். கோரியது யார், எந்தச் சட்டத்தின் கீழ், எந்த வாக்கியம் குற்றம் – ஒன்றும் தெரியாது. பல சமயம் எழுதியவருக்கே தெரியாது.

கருத்துரிமை பற்றிச் சண்டை போடும்போது நாம் எல்லோரும் ஒரே இடத்தைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறோம். இதைப் பேசலாமா, அதைப் பேசலாமா, எல்லை எங்கே, யார் புண்பட்டார்கள். ஆட்சி மாறினால் சண்டை போடுகிறவர்கள் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள், வசனம் மட்டும் அதேதான். எனக்கு அந்தச் சண்டையில் ஆர்வம் போய்விட்டது. அதைவிடச் சாதாரணமான, கேட்டால் கொட்டாவி வரக்கூடிய ஒரு கேள்விதான் முக்கியம் என்று இப்போதெல்லாம் தோன்றுகிறது: நீக்கச் சொன்ன உத்தரவு எழுத்தில் இருக்கிறதா, அது எழுதியவர் கைக்கு வருகிறதா? வந்தால் கோர்ட்டுக்குப் போகலாம். வராவிட்டால் கருத்துரிமையைத் தரும் அரசியல் சாசனத்தின் 19-வது சரத்தை ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

இதற்கு நம் சென்னையிலிருந்தே ஆரம்பிக்கலாம். 1950 மார்ச் 1-ஆம் தேதி சென்னை மாகாண அரசு ஓர் ஆணை போட்டது. பம்பாயிலிருந்து வந்துகொண்டிருந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இடதுசாரி வார இதழ் மாகாணத்துக்குள் வரக்கூடாது, விற்கப்படக்கூடாது என்று. அரசியல் சாசனம் நடைமுறைக்கு வந்து ஐந்து வாரம்கூட முழுசாக ஆகவில்லை. ஆணை முறைப்படி அரசிதழில் வெளியானது, 1949-ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் என்பதையும் சொல்லியிருந்தார்கள். இதழின் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். மே மாதக் கடைசியில் தீர்ப்பு வந்துவிட்டது, தடை செல்லாது என்று. மூன்று மாதத்துக்குள்! அரசுக்கு இது பிடிக்கவில்லை என்பதும், அடுத்த ஆண்டே முதல் அரசியல் சாசனத் திருத்தம் கொண்டுவந்து 'பொது ஒழுங்கு' என்பதையும் கருத்துரிமையைக் கட்டுப்படுத்துவதற்கான காரணங்களில் சேர்த்துக்கொண்டார்கள் என்பதும் தனிக் கதை. அமெரிக்காவின் முதல் திருத்தம் அரசின் கையைக் கட்டியது, நம்முடையது அவிழ்த்துவிட்டது என்று சட்டக் கல்லூரிகளில் கிண்டலாகச் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் நான் கவனிக்கச் சொல்வது அந்த அரசிதழை. தடை போட்டவர்கள் கையெழுத்துப் போட்டுத்தான் போட்டார்கள்.

அங்கிருந்து 1994-க்கு வருவோம். ஆட்டோ சங்கர் சிறையில் எழுதியதாகச் சொல்லப்பட்ட தன்வரலாற்றை வெளியிடப்போவதாக நக்கீரன் அறிவிக்கிறது. காவல்துறையிலும் ஆட்சிப் பணியிலும் பெரிய இடங்களில் இருந்தவர்களுக்கும் அவருக்கும் இருந்த தொடர்பெல்லாம் அதில் வரும் என்று பேச்சு. ஜூன் மாதம் சிறைத்துறை ஐ.ஜி.யிடமிருந்து பத்திரிகைக்கு ஒரு கடிதம் வருகிறது: இது சங்கர் எழுதியதே இல்லை, சிறை விதிகளுக்கு முரண், வெளியிட்டால் சட்ட நடவடிக்கை. இந்தக் கடிதம் தடையாணை இல்லை. எந்தச் சட்டமும் அந்த அதிகாரிக்குப் பத்திரிகையை நிறுத்தும் அதிகாரத்தைத் தரவில்லை. ஆனாலும் அது ஒரு கடிதம், லெட்டர்ஹெட்டில் வந்தது, தேதி இருந்தது. ஆசிரியர் ராஜகோபால் அதை மனுவோடு இணைத்து உச்ச நீதிமன்றத்துக்குப் போக, அக்டோபரில் நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதிய தீர்ப்பு வருகிறது. தன்னைப் பற்றி அவதூறு வந்துவிடுமோ என்று அஞ்சுகிற அரசு அதிகாரி, வெளியாவதற்கு முன்பே அதைத் தடுக்கச் சட்டத்தில் இடமில்லை. வேண்டுமானால் வெளியான பிறகு வழக்குப் போடட்டும். இன்றைக்கும் அந்தரங்க உரிமை, முன்தணிக்கை இரண்டுக்கும் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு அது. அது கிடைத்ததற்கு ஒரு காரணம், மிரட்டியவர் மிரட்டலைத் தபாலில் அனுப்பினார் என்பது.

இணையம் வந்ததும் மாறியது இதுதான். பத்திரிகையில் எழுதியவரும் அச்சடித்தவரும் கிட்டத்தட்ட ஒரே ஆள், அல்லது ஒரே கட்டடத்தில் இருந்த ஆட்கள். அரசு யாரை மிரட்டினாலும் அது எழுதியவர் காதுக்கு வந்துவிடும். இப்போது எழுதுவது நான், வைத்திருப்பது எங்கேயோ இருக்கிற ஒரு கம்பெனி. எனக்கு என் எழுத்து முக்கியம். கம்பெனிக்கு அது கோடிக்கணக்கான பதிவுகளில் ஒன்று, அதைக் காப்பாற்ற வழக்கறிஞருக்கு ஒரு மணி நேரக் கட்டணம் கொடுப்பதைவிட நீக்கிவிடுவது மலிவு. அதனால் அரசு என்னிடம் பேச வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. குடியிருப்பவரிடம் சண்டைக்குப் போகாமல் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு "பார்த்துக்குங்க" என்று சொல்வது மாதிரி. வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்வார், காரணம் கேட்டால் "வீடு வேணும்ப்பா" என்பார்.

இந்த உத்தியை இணையம் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் என்ற குட்டி மாநிலம் 1950-களிலேயே செய்து பார்த்துவிட்டது. இளைஞர்களின் ஒழுக்கத்தை ஊக்குவிப்பதற்கென்று அங்கே ஓர் ஆணையம் அமைத்தார்கள். அந்த ஆணையத்துக்கு எந்தப் புத்தகத்தையும் தடை செய்யும் அதிகாரம் கிடையாது. அது செய்ததெல்லாம் புத்தக விநியோகஸ்தர்களுக்குக் கடிதம் எழுதியதுதான். இன்ன இன்ன புத்தகங்கள் இளைஞர்களுக்கு ஏற்றவையல்ல என்று எங்கள் ஆணையம் முடிவு செய்திருக்கிறது, உங்கள் ஒத்துழைப்புக்கு முன்கூட்டியே நன்றி, இந்தப் பட்டியல் உள்ளூர்க் காவல்துறைக்கும் அனுப்பப்படுகிறது. அவ்வளவுதான். சில நாள் கழித்து ஒரு போலீஸ்காரர் கடைப்பக்கம் வந்து, என்ன செய்தீர்கள் என்று சும்மா விசாரித்துவிட்டுப் போவார். விநியோகஸ்தர் என்ன செய்வார்? புத்தகங்களைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்து பதிப்பகத்துக்கே அனுப்பிவிட்டார். அவருக்கு அந்தப் புத்தகங்களில் எதுவும் உயிர் இல்லை. கோர்ட்டுக்குப் போனது பதிப்பகங்கள், முதலில் நின்றது பாண்டம் புக்ஸ். நாங்கள் ஆலோசனைதானே சொன்னோம் என்பது ஆணையத்தின் வாதம். 1963-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கேட்காவிட்டால் வழக்குத் தொடுப்போம் என்று மறைமுகமாகச் சொல்லும் அரசு அதிகாரியின் பேச்சை யாரும் சும்மா ஆலோசனை என்று தள்ளிவிட்டுப் போவதில்லை, கேட்காமல் இருக்கும் உரிமை காகிதத்தில்தான் இருக்கிறது, இது முறைசாரா தணிக்கை என்று சொல்லிவிட்டது.

எனக்கு இந்த வழக்கு ரொம்பப் பிடிக்கும். முன்கூட்டிய நன்றி என்கிற அந்த வரிக்காகவே பிடிக்கும். மிரட்டலின் மரியாதை தெரிந்த ஒருவர்தான் அதை எழுதியிருக்க முடியும்.

அறுபது ஆண்டு கழித்து 2024-ல் அதே நீதிமன்றத்தில் நான்கு வார இடைவெளியில் இரண்டு வழக்குகளில் தீர்ப்பு வந்தது. முதலாவது, நியூயார்க் மாநிலத்தின் நிதித்துறை மேற்பார்வையாளராக இருந்த மரியா வுல்லோ, காப்பீட்டு நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பி, கூட்டமும் போட்டு, துப்பாக்கி ஆதரவு அமைப்பான என்ஆர்ஏவுடன் உறவைத் துண்டித்துக்கொள்ளத் தூண்டினார் என்ற வழக்கு. ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து, இந்தக் குற்றச்சாட்டுகள் உண்மையென்றால் இது சாசனத்துக்கு விரோதம், வழக்கு நடக்கட்டும் என்றார்கள். தீர்ப்பை எழுதிய நீதிபதி சோடோமேயரின் அரசியல் சாய்வு என்ன, என்ஆர்ஏவின் சாய்வு என்ன என்று தெரிந்தவர்களுக்கு இது கொஞ்சம் ஆச்சரியமாகவே இருக்கும். இரண்டாவது மூர்த்தி எதிர் மிசௌரி. கோவிட் காலத்தில் வெள்ளை மாளிகை, பொதுச் சுகாதாரத் தலைமை மருத்துவர் விவேக் மூர்த்தி, எஃப்பிஐ என்று பல இடங்களிலிருந்தும் ஃபேஸ்புக், ட்விட்டர், யூடியூப் நிறுவனங்களுக்கு மின்னஞ்சல்கள் போயின, சிலது கேட்டுக்கொள்கிற தொனியில், சிலது நன்றாகவே திட்டுகிற தொனியில். தங்கள் பதிவுகள் அதனால்தான் அமுக்கப்பட்டன என்று சிலரும் இரண்டு மாநிலங்களும் வழக்குப் போட்டார்கள். ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தள்ளுபடி. அரசு செய்தது சரியா தவறா என்றே நீதிமன்றம் சொல்லவில்லை. உங்கள் குறிப்பிட்ட பதிவு இந்தக் குறிப்பிட்ட அதிகாரியின் அழுத்தத்தால்தான் போனது என்று உங்களால் காட்ட முடியவில்லை, தளங்கள் அதற்கு முன்பே தாமாகவும் இப்படிப்பட்ட பதிவுகளை நீக்கிக்கொண்டுதான் இருந்தன, ஆகவே வழக்குத் தொடுக்கும் தகுதியே உங்களுக்கு இல்லை என்று முடித்துவிட்டது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வுல்லோ வழக்கில் சுற்றறிக்கை இருந்தது, அதில் என்ஆர்ஏவின் பெயர் இருந்தது. மூர்த்தி வழக்கில் மின்னஞ்சல் குவியல் இருந்தது, ஆனால் எந்த மின்னஞ்சல் எந்தப் பதிவைக் கொன்றது என்று சொல்ல நூல் இல்லை. தளம் நடுவில் உட்கார்ந்து அந்த நூலை அறுத்துவிடுகிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் மார்க் ஸக்கர்பெர்க் நாடாளுமன்றக் குழுவுக்கு எழுதிய கடிதத்தில், அரசு தங்களுக்குத் திரும்பத் திரும்ப அழுத்தம் கொடுத்தது தவறு என்றார், அடுத்த மூச்சில் நீக்குவதா வேண்டாமா என்ற முடிவு எங்களுடையதே என்றும் சொன்னார். அழுத்தினேன் என்று யாரும் சொல்லவில்லை, அழுத்தியதால் செய்தேன் என்றும் யாரும் சொல்லவில்லை, பதிவு மட்டும் இல்லை.

பிறகு ஆட்சி மாறியது. 2025 ஜனவரியில் பதவியேற்ற அன்றே ட்ரம்ப் கூட்டரசுத் தணிக்கைக்கு முடிவுகட்டுவதாக ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். அக்டோபரில் குடியேற்ற அதிகாரிகளின் நடமாட்டத்தைப் பகிர்ந்துகொள்ளும் ஐஸ்பிளாக் என்ற செயலியை நீக்கச் சொல்லி அட்டர்னி ஜெனரல் பாம் பாண்டி ஆப்பிளிடம் கேட்க, ஆப்பிள் நீக்கியது. கேட்டேன் என்பதை அவர் வெளிப்படையாகவே சொன்னார். கோர்ட் உத்தரவு எதுவும் கிடையாது. ஆட்சி மாறினால் ஆட்கள் எதிர்ப்பக்கம் போவார்கள், வசனம் மாறாது என்று மேலே சொன்னது இதைத்தான்.

இனி நம் நாட்டுக் கதை. இங்கே கேட்பதற்கும் கட்டளையிடுவதற்கும் இடையில் இத்தனை நுணுக்கம் தேவைப்படவில்லை, ஏனென்றால் கட்டளையிடவே சட்டம் இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் மூன்று பிரிவுகள் தெரிந்தால் போதும். 66ஏ, 69ஏ, 79.

66ஏ செத்துப்போன பிரிவு. எரிச்சலூட்டும் செய்தி அனுப்பினால்கூட மூன்றாண்டு சிறை என்றிருந்தது. 2012-ல் அப்போதைய நிதியமைச்சர் ப. சிதம்பரத்தின் மகனைப் பற்றி ட்வீட் போட்டதற்காக புதுச்சேரியில் ஒருவரைக் கைது செய்தார்கள். அதற்கடுத்த மாதம் பால் தாக்கரே மறைந்தபோது நகரம் முடங்கியதைப் பற்றி எழுதியதற்கும் அதை லைக் செய்ததற்கும் மகாராஷ்டிரத்தின் பால்கரில் இரண்டு இளம்பெண்களைப் பிடித்தார்கள். இரண்டு இடத்திலும் ஆட்சியாளர்கள் யார் என்று பார்த்தால் இது எந்தக் கட்சியின் தனிச்சொத்தும் இல்லை என்று விளங்கும். ஸ்ரேயா சிங்கால் என்ற சட்ட மாணவி தொடுத்த வழக்கில் 2015 மார்ச் 24-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் 66ஏவை ரத்து செய்தது. எல்லோரும் கொண்டாடினோம். கொண்டாட்டச் சத்தத்தில் அதே தீர்ப்பின் மற்ற இரண்டு பாகங்களைப் பலர் படிக்கவில்லை.

69ஏ, இணையத்தில் ஒன்றை மத்திய அரசு முடக்கும் அதிகாரம். இதை உச்ச நீதிமன்றம் அப்படியே விட்டுவைத்தது. காரணம், பாதுகாப்புகள் இருக்கின்றன என்பது: காரணங்களைச் சட்டமே பட்டியலிடுகிறது, அதிகாரிகள் குழு ஆராய வேண்டும், காரணத்தை எழுத வேண்டும், எழுதியவர் அடையாளம் தெரிந்தால் அவரையும் விசாரிக்க வேண்டும், அதனால் ஐகோர்ட்டில் ரிட் போட முடியும். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதன் கீழ் 2009-ல் வந்த விதிகளில் 16-வது விதி, புகாரும் நடவடிக்கையும் கண்டிப்பான இரகசியமாக வைக்கப்பட வேண்டும் என்கிறது. 8-வது விதி, பதிவிட்ட நபருக்கு 'அல்லது' தளத்துக்கு நோட்டீஸ் என்கிறது. தளத்துக்கு அனுப்பினால் கணக்கு முடிந்தது. காரணம் எழுதப்பட்டிருக்கும், உத்தரவும் இருக்கும், ரிட் போடும் உரிமையும் இருக்கும், யாருக்கு எதிராக எதை எதிர்த்து ரிட் போடுவது என்பது மட்டும் இரகசியம். 2014-ல் இப்படி முடக்கப்பட்டவை 471, 2020-ல் 9,849 என்று அரசே நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கு இருக்கிறது. இதில் எத்தனை பேருக்கு உத்தரவின் நகல் போனது என்ற கணக்கை யாரும் கொடுத்து நான் பார்த்ததில்லை.

விகடனுக்கு நடந்ததைத் தமிழ் வாசகர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2025 பிப்ரவரியில் அதன் இணைய இதழில் ஒரு கார்ட்டூன் வந்தது, ட்ரம்ப் பக்கத்தில் பிரதமர் மோடி விலங்குடன் உட்கார்ந்திருப்பதாக. அமெரிக்காவிலிருந்து இந்தியர்களை விலங்கிட்டு அனுப்பிக்கொண்டிருந்த நேரம். 15-ஆம் தேதி மாலையிலிருந்து பலருக்கு விகடன் தளமே திறக்கவில்லை. முறையான அறிவிப்பு எதுவும் தங்களுக்கு வரவில்லை என்று பத்திரிகை அறிவித்தது. ஒரு கார்ட்டூனுக்காக மொத்தத் தளமும் போய், சமையல் குறிப்பிலிருந்து பங்குச்சந்தை வரை எல்லாம் சேர்ந்து இருட்டானது. மார்ச் 6-ஆம் தேதி சென்னை ஐகோர்ட் இடைக்கால உத்தரவு போட்டது: கார்ட்டூன் இருந்த பக்கத்தைத் தற்காலிகமாக எடுங்கள், தளத்தைத் திறந்துவிடுங்கள். கார்ட்டூன் நல்லதா கெட்டதா என்பதில் உங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இருக்கலாம், அது இருந்துவிட்டுப் போகட்டும். ஏறத்தாழ நூறாண்டு வரலாறும் வழக்கறிஞர்களும் உள்ள ஒரு நிறுவனத்துக்கே தளத்தைத் திறக்க மூன்று வாரம் ஆனது, அதுவும் கார்ட்டூனை விட்டுக்கொடுத்து. ஆயிரம் பேர் பார்க்கும் யூடியூப் சேனல் வைத்திருக்கும் ஒருவர் எத்தனை வாரம் காத்திருப்பார், எந்தக் கோர்ட்டில்?

இப்போது 79. இது தளங்களுக்கான கவசம். பிறர் போடும் பதிவுக்குத் தளம் பொறுப்பில்லை, சட்டவிரோதமானது இருக்கிறது என்று தெரிந்தும் நீக்காவிட்டால் கவசம் போய்விடும். ஆனால் தெரிந்தும் என்றால் என்ன? யாரோ ஒருவர் மெயில் போட்டால் போதுமா? ஸ்ரேயா சிங்கால் தீர்ப்பு அதற்குப் பதில் சொன்னது: கோர்ட் உத்தரவோ முறையான அரசு அறிவிக்கையோ வந்தால்தான் தெரிந்ததாகக் கணக்கு, அதுவும் கருத்துரிமையைக் கட்டுப்படுத்த அரசியல் சாசனத்தின் 19(2) அனுமதிக்கும் காரணங்களுக்கு மட்டும். 2021-ல் வந்த விதிகள் அப்படி வந்தால் 36 மணி நேரத்துக்குள் நீக்கச் சொல்லின. இங்கிருந்து ஒரு புதிய பாதை போட்டார்கள். 69ஏவின் குழு, விசாரணை எதுவும் வேண்டாம், நீக்காவிட்டால் கவசம் போகும் என்று சொல்லும் 79(3)(பி)யைக் காட்டி நேரடியாகத் தளத்துக்கு அறிவிப்பு அனுப்பலாம் என்று. 2024 அக்டோபரில் உள்துறை அமைச்சகம் அதற்கென்றே சஹ்யோக் என்ற இணையவாசலைத் தொடங்கியது. மத்திய அரசின் துறைகள், மாநிலக் காவல்துறைகள் எல்லாம் அதன் வழியாகத் தளங்களுக்கு நீக்கல் அறிவிப்பு அனுப்பலாம். பெயருக்குப் பொருள் ஒத்துழைப்பு. ரோட் ஐலண்ட் ஆணையம் கேட்டதும் அதைத்தான்.

எக்ஸ் நிறுவனம் இதை எதிர்த்து கர்நாடக ஐகோர்ட்டுக்குப் போனது. 2025 செப்டம்பர் 24-ஆம் தேதி நீதிபதி நாகபிரசன்னா மனுவைத் தள்ளுபடி செய்தார். சமூக வலைத்தளங்களுக்குக் கட்டுப்பாடு தேவை, சஹ்யோக் பொது நன்மைக்கான கருவி என்றார். 19-வது சரத்து குடிமக்களுக்கு மட்டுமே உரியது, வெளிநாட்டு நிறுவனம் அதைப் பிடித்துக்கொள்ள முடியாது என்றும் சொன்னார். 2023-ல் 69ஏ உத்தரவுகளை எதிர்த்து அப்போதைய ட்விட்டர் போட்ட வழக்கிலும் அதே நீதிமன்றம் இதையேதான் சொல்லி, 50 லட்சம் ரூபாய் அபராதமும் போட்டது.

சட்டப்படி இது ஒன்றும் விபரீத வாதம் இல்லை. 19-வது சரத்து அனைத்துக் குடிமக்களுக்கும் என்றுதான் தொடங்குகிறது. ஆனால் இதையும் நோட்டீஸ் விதியையும் சேர்த்து வைத்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள். நோட்டீஸ் கிடைப்பது கம்பெனிக்கு, அதற்குக் கருத்துரிமை கிடையாது. கருத்துரிமை இருப்பது எனக்கு, எனக்கு நோட்டீஸ் கிடையாது. கதவும் சாவியும் இருவேறு ஆட்களிடம். கருத்துரிமை பற்றிய எந்தத் தத்துவ விவாதத்தையும்விட இந்த ஓட்டைதான் எனக்குக் கோபம் வரவைக்கிறது, ஏனென்றால் இதைச் சரிசெய்ய எந்தத் தத்துவமும் வேண்டாம், ஒரு விதித் திருத்தம் போதும்.

அரசுத் தரப்பில் சொல்வதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2018-ல் குழந்தை கடத்துகிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தியால் நாட்டின் பல இடங்களில் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்டார்கள், திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு மூதாட்டியும் அப்படித்தான் இறந்தார். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பிகார் தொழிலாளர்களை வெட்டிக் கொல்கிறார்கள் என்று சம்பந்தமில்லாத வீடியோக்களை எடுத்துப்போட்டுப் பரப்பியபோது ஊருக்குப் போகும் ரயில்களில் கூட்டம் கூடியது. அந்த நேரத்தில் காவல்துறை முறைப்படி நோட்டீஸ் அனுப்பி, பதிலுக்கு 48 மணி நேரம் காத்திருந்து, பிறகு குழுக்கூட்டம் போடட்டும் என்று நான் சொல்லவில்லை. வேகமாக நீக்கட்டும். குழந்தைகள் மீதான பாலியல் வன்முறைப் படங்களுக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். ஆனால் முதலில் நீக்கிவிட்டுப் பிறகு காகிதம் கொடுக்கலாமே. அவசரம் நீக்குவதற்குத்தான் காரணமாக முடியும், ஒரு வாரம் கழித்தும் சொல்லாமல் இருப்பதற்கு அது எப்படிக் காரணமாகும்?

இன்னொரு தரப்பு, அரசை விடுங்கள், தளங்கள்தான் இன்றைய உண்மையான தணிக்கையாளர்கள் என்கிறது. அதிலும் நியாயம் இருக்கிறது. மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு 2019-ல் முடக்கப்பட்டது. அவர் வைத்திருந்த முகப்புப் படம், நாஜி வணக்கம் செய்யும் கூட்டத்தில் ஒருவர் மட்டும் கைகட்டி நிற்கும் அந்தப் புகழ்பெற்ற புகைப்படம். நாஜி எதிர்ப்புப் படத்தை வெறுப்புப் படம் என்று எண்ணிக்கொண்டது கம்பெனி. அவர் டெல்லி ஐகோர்ட்டுக்குப் போனார், தனியார் தளத்துக்கு எதிராகக் கருத்துரிமை கேட்கலாமா என்ற கேள்வியோடு. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வில் நால்வர், கௌஷல் கிஷோர் வழக்கில், கருத்துரிமையும் வாழ்வுரிமையும் தரும் 19, 21-வது சரத்துகளை அரசு அல்லாதவர்களுக்கு எதிராகவும் அமல்படுத்தலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அது எங்கே கொண்டுபோய் விடும் என்று யோசித்தால் எனக்குக் கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது, ஏனென்றால் தளத்தைத் தட்டிக்கேட்கும் பிரம்பு கடைசியில் அரசின் கையில்தான் போய்ச் சேரும்.

அமெரிக்காவில் அதைத்தான் பார்த்தார்கள். பழமைவாதிகளின் குரலைத் தளங்கள் ஒடுக்குகின்றன என்று சொல்லி 2021-ல் டெக்சாஸும் ஃப்ளோரிடாவும் சட்டம் போட்டன. டெக்சாஸ் சட்டப்படி மாதம் 5 கோடிக்கு மேல் அமெரிக்கப் பயனர்கள் உள்ள தளம் யாரையும் அவருடைய கருத்துக்காக நீக்கக்கூடாது. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் எதை வைத்திருக்க வேண்டும் என்று அரசு சொல்வதும் எதை எடுக்க வேண்டும் என்று சொல்வதும் ஒரே அதிகாரத்தின் இரண்டு கைகள்தான். 1974-லேயே, வேட்பாளரைத் தாக்கி எழுதினால் அவர் பதிலையும் பத்திரிகை போட்டாக வேண்டும் என்ற ஃப்ளோரிடா சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதே காரணத்துக்காக ரத்து செய்திருந்தது. 2024 ஜூலை 1-ஆம் தேதி மூடி எதிர் நெட்சாய்ஸ் தீர்ப்பில் நீதிபதி கேகன் அதை நினைவூட்டி, ஃபீடைத் தொகுப்பதும் ஒருவகை வெளிப்பாடுதான், அதன் சமநிலையைத் தன் விருப்பப்படி திருத்துவது அரசின் வேலை இல்லை என்று எழுதினார். வழக்குகள் முடியவில்லை, இரண்டும் மறு ஆய்வுக்குக் கீழ் நீதிமன்றத்துக்குப் போயின.

நம் அரசும் தளங்களைத் தட்டிக்கேட்க வழி செய்திருக்கிறது. 2022 திருத்தத்தின்படி, தளத்தின் குறைதீர் அதிகாரி சொன்ன பதிலில் திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம், குழுவை நியமிப்பது மத்திய அரசு. அப்புறம் 2023-ல் இன்னும் ஒருபடி மேலே போய், மத்திய அரசைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்று மத்திய அரசின் உண்மை சரிபார்ப்புப் பிரிவே முடிவு செய்யும் என்றார்கள். தன் வழக்குக்குத் தானே நீதிபதி. நகைச்சுவைக் கலைஞர் குணால் காம்ரா தொடுத்த வழக்கில் பம்பாய் ஐகோர்ட்டின் இரு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்ல, மூன்றாவதாக வந்த நீதிபதி சந்துர்கர் 2024 செப்டம்பரில் அதைச் செல்லாது என்றார். அந்த விதி ஏன் விழுந்தது? அது விதியாக, அரசிதழில், எல்லோரும் படிக்கும்படி இருந்தது. மறுபடியும் அதே கதைதான்.

ஐரோப்பாவின் டிஜிட்டல் சேவைகள் சட்டத்தை அதன் அபராதத்துக்காகத்தான் எல்லோரும் பேசுகிறார்கள், உலக வருவாயில் 6 சதவீதம் வரை. எனக்கு அதில் பிடித்தது 9-வது பிரிவின் ஒரு மூலை. சட்டவிரோத உள்ளடக்கத்துக்கு எதிராக ஓர் அரசு அமைப்பு உத்தரவு போட்டால், அந்த உத்தரவில் சட்ட அடிப்படை, காரணம், எங்கே முறையிடலாம் என்ற விவரம் எல்லாம் இருக்க வேண்டும்; உத்தரவைச் செயல்படுத்தும்போதே தளம் அதைப் பதிவிட்டவருக்குச் சொல்ல வேண்டும். குற்ற விசாரணை போன்ற தேவை இருந்தால் கொஞ்சம் தள்ளிப்போடலாம். இவ்வளவுதான் நான் கேட்பதும். அந்தச் சட்டத்தில் குறை சொல்ல எவ்வளவோ இருக்கிறது, இது அதில் சேராது.

இங்கேயும் கொஞ்சம் அசைவு தெரிகிறது. 2025 மார்ச்சில் 2009 விதிகளை எதிர்த்து எஸ்எஃப்எல்சி என்ற அமைப்பு போட்ட மனுவை விசாரித்த உச்ச நீதிமன்ற அமர்வு, அடையாளம் காணக்கூடிய ஆளாக இருந்தால் அவருக்கு நோட்டீஸ் போக வேண்டும் என்றே முதல் பார்வையில் தோன்றுகிறது என்றது. கர்நாடகத் தீர்ப்பு வந்த அடுத்த மாதமே அரசு தன் விதியைத் திருத்தி, நவம்பர் 15 முதல் நீக்கல் அறிவிப்பு அனுப்ப இணைச் செயலாளர் தரத்துக்கும், போலீஸ் என்றால் டிஐஜி தரத்துக்கும் குறையாத அதிகாரி வேண்டும், சட்டப் பிரிவையும் காரணத்தையும் குறிப்பிட்ட இணைப்பையும் எழுத வேண்டும், மாதம் ஒருமுறை செயலாளர் நிலை அதிகாரி இவற்றைப் பார்வையிட வேண்டும் என்று சொன்னது. ஆக, எந்த இன்ஸ்பெக்டரும் நினைத்த நேரத்தில் அனுப்பலாம் என்ற நிலை போய்விட்டது, காரணமும் எழுதப்படுகிறது. நல்லதுதான், மறுக்கவில்லை. எழுதிய காரணம் போவது தளத்துக்கு. மறுபடி பார்ப்பது அரசின் அதிகாரி. பதிவு போட்டவருக்கு ஒரு நகல் அனுப்ப வேண்டும் என்று மட்டும் அந்தத் திருத்தத்தில் ஒரு வரி இல்லை.